செல்வம் ஃப்ரீ ஏஜென்ட் ஆன கதை

மகளின் கைபேசியில் ஒருவன் கட்டையைச் சுழற்றிப் பந்தை வானத்துக்கு அனுப்பினான். "இது பேஸ்போல் தானேப்பா? எப்படி விளையாடுறது?" என்றாள். எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்குச் சம்பளம் எப்படிப் பேசுவது என்று அரை மணி நேரம் விளக்கினேன். பாதியில் எழுந்து போய்விட்டாள். நீங்களாவது இருங்கள்.

இவள் பிறப்பதற்கு முன்னால், கண்டியில் ஒரு புடவைக் கடையில் நானும் செல்வமும் விற்பனையாளர்கள். அவன் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வருவான். வேலை முடிந்ததும் கட்டுகஸ்தோட்டையில் ரிஸ்வான் நானாவின் நெட் கபேக்குப் போவோம். சூடேறிய கம்ப்யூட்டரும் இஞ்சிப் பிளேன்டீயும் கலந்த ஒரு வாசம் அங்கே. இன்றைக்கும் யாராவது இஞ்சி தட்டினால் எனக்குப் பேஸ்போல்தான் ஞாபகம் வரும். அங்கேதான் மூன்று பேரும் சேர்ந்து, அமெரிக்காவில் யாரோ நடத்திய இணைய லீக்கில் ஒரு அணிக்கு முகாமையாளர்கள் ஆனோம். வீரர்கள் கற்பனை, டொலரும் கற்பனை. ஆட்டத்தைக் கணினியே ஆடிக்கொள்ளும். ஆள் எடுப்பதும் சம்பளம் பேசுவதும்தான் எங்கள் வேலை.

விதி இதுதான்: ஒரு வீரன் ஆறு வருடம் ஒரே அணியில், கொடுப்பதை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். அதன்பிறகு அவன் ஃப்ரீ ஏஜென்ட். யார் கூடக் கொடுக்கிறார்களோ அங்கே போகலாம். ஒரு பருவத்தில் நல்ல பந்துவீச்சாளன் ஒருவன் மட்டுமே அப்படி வெளியே வந்தான். எல்லா அணிகளும் அடித்துக்கொண்டன. பஸ்ஸுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்த நாங்கள் அவனுக்கு இரண்டு கோடி டொலர் கொடுத்தோம். ரிஸ்வான் நானா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பொத்தானை அழுத்தினார்.

மறுநாள் காலை செல்வம் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றான்.

"மொதலாளி, நான் வந்து ஆறு வருசம் முடிஞ்சிருச்சி. இனிமே நான் ஃப்ரீ ஏஜென்ட்."

முதலாளி அதை ஏதோ வியாதி என்று நினைத்துவிட்டார். "டொக்டருகிட்ட காட்டுனியா?"

எதிர்க்கடைக்காரர் காதுக்கு விஷயம் போனது. சேலை விரித்துக் காட்டுவதில் செல்வத்தை மிஞ்ச அந்தத் தெருவில் ஆளில்லை. அவர் ஒரு தொகை சொல்ல, எங்கள் முதலாளி அதற்கு மேலே சொன்னார். மத்தியானத்துக்குள் செல்வத்தின் சம்பளம் ஒன்றரை மடங்கு.

தெருவே பார்த்தது. நாங்களும் ஃப்ரீதான் என்று பதினொரு விற்பனையாளர்கள் கிளம்பினோம். அந்த வாரம் பார்த்து லீக்கில் ஆறு வருடத்தை ஒரு வருடமாகக் குறைத்திருந்தார்கள். வீரர்கள் மொத்தமாகச் சந்தைக்கு வர, எங்கள் இரண்டு கோடிக்காரனைவிடக் கெட்டிக்காரர்கள் இருபது லட்சத்துக்குப் போனார்கள். அதைப் பார்த்துவிட்டுச் செல்வம் ஓடிவந்து என் கையைப் பிடித்தான்.

"எல்லாரும் ஒண்ணா வெளிய வராதீங்கடா. வெல விழுந்துரும்."

தனக்குக் கிடைத்துவிட்டது, அதனால் சொல்கிறான் என்று நினைத்தேன். முதலாளிமார் தக்காளி பொறுக்குவதுபோல் எங்களைப் பொறுக்கினார்கள். நான் பழைய சம்பளத்துக்கும் குறைவாக எதிர்க்கடைக்குப் போனேன். என் இடத்துக்கு வந்த எதிர்க்கடை ஆளுக்கும் குறைவுதான். தெருவின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். "அப்பவே சொன்னேனே" என்று செல்வம் ஒருநாளும் சொன்னதில்லை. மாதக் கடைசியில் என் பஸ் காசையும் அவனே கொடுத்தான்.

இப்போது அந்த நெட் கபேயில் கைபேசி உறை விற்கிறார்கள். இரண்டு புடவைக் கடைகளும் இல்லை. செல்வம் டோஹாவில். எல்லாவற்றுக்கும் முன்னால் போனது லீக்தான். ஒரு சனிக்கிழமை அதன் இணையப் பக்கம் திறக்கவில்லை. ரிஸ்வான் நானா திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார். பிறகு உண்மையான கவலையோடு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பி, எங்கட ஆளுகளுக்கு இந்த மாசச் சம்பளம் இனி யாரு குடுக்கிற?"