மாமா கையில் ஏறிய மயில்

என் மாமா எனக்குத் தெரிந்து ஒரே ஒரு பெரிய பொய்தான் சொன்னார். அதை இரண்டு வாரத்துக்குள் உண்மையாக்க வேண்டி வந்ததால் ஊசியால் குத்துப்பட்டார், மயங்கி விழுந்தார், கடைசியில் என் கையால் சூடும் பட்டார்.

அப்போது எனக்கு எட்டு வயது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெருமாநல்லூரில் எங்களோடுதான் இருந்தார். பனியனில் படம் அடிக்கும் பிரிண்டிங் கம்பெனியில் அவருக்கு வேலை. அம்மாவுக்கு வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எங்கே குறை தெரிகிறதோ அங்கே சிவப்பில் ஒரு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அம்மாவின் கண் செக்கிங்கை நிறுத்தாது. தோசை ஓரம் பிய்ந்திருந்தாலும் சொல்லுவார், அப்பா மீசை ஒரு பக்கம் இறங்கியிருந்தாலும் சொல்லுவார்.

மாமாவுக்குச் சோமனூரில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா விசைத்தறி ஓட்டுகிறவர், பெரிய முருக பக்தர். அந்த வீட்டுச் சுவருக்கு என்ன வர்ணம் அடித்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு முருகன் படம். மாமாவுக்குப் பெண்ணைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அந்தப் பதற்றத்தில்தான் வாய் தனியாக ஓட ஆரம்பித்தது.

“தம்பி கோயிலுக்கெல்லாம் போவீங்களா?” என்று பெண்ணின் அப்பா கேட்டார்.

போவேனுங்க என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். மாமா, “கையிலயே மயில் பச்சை குத்தியிருக்கேனுங்க. அஞ்சாறு வருசமாச்சுங்க” என்றார்.

நான் ஆச்சரியப்பட்டு வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு மைசூர்பாகை வைத்து அடைத்தார். மாமா போட்டிருந்தது முழுக்கைச் சட்டை. பெண்ணின் அப்பா மரியாதை தெரிந்தவர், சட்டையை மடிக்கச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு விட்டு அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகவும், மயிலை அப்போது கும்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னார்.

பஸ்ஸில் அம்மா, சுற்றி ஆள் இருப்பதால் பல்லைக் கடித்துக்கொண்டே திட்டினார்.

“ஏன்டா அப்படிச் சொன்னே?”

“தெரியலக்கா. வந்துருச்சு.”

“இப்ப மயிலுக்கு எங்கடா போறது?”

“குத்திட்டாப் போவுது” என்றார் மாமா.

திருப்பூரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடியில் டாட்டூ கடை இருந்தது. மாமா கம்பெனியில் படம் வரைகிற அண்ணனிடம் ஒரு மயிலும் வேலும் வரைந்து வாங்கிக்கொண்டு, முதல் நாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டினார். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். படத்தைப் பார்த்தார், மாமாவின் கையைப் பார்த்தார். “நாளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுட்டு வாங்கண்ணே. வெறும் வயித்தோட வந்திராதீய” என்று இரண்டு தடவை சொன்னார்.

அம்மாவிடம் இதைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முருகனைக் கையில் ஏற்றிக்கொள்ளப் போகிறவன் இட்லியைத் தின்றுவிட்டா போவான்? ஆக மாமா மறுநாள் குளித்து, திருநீறு பூசி, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய் உட்கார்ந்தார். கடைக்காரர் புது பிளேடால் கையின் முடியை வழித்து, படத்தை ஒற்றி எடுத்து, மெஷினை ஓட்டினார். பனியன் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் மாதிரியே சத்தம். மயிலுக்குக் கொண்டை முடிந்து கழுத்து இறங்கும்போது மாமாவும் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். கண் மேலே சொருகிவிட்டது. கீழே ஓடிப்போய் நான்தான் சோடாவும் இரண்டு பன்னும் வாங்கி வந்தேன். பன்னைத் தின்றுகொண்டே மீதி மயிலைக் குத்திக்கொண்டார்.

நல்ல மயில். கையைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாள் கட்டி அனுப்பினார்கள். சொரியக் கூடாது, வெயில் படக் கூடாது, இரண்டு வேளை சோப்புப் போட்டு மெதுவாகக் கழுவி மருந்து தடவ வேண்டும். யாரும் இடிக்காமல் இருக்க மாமா பஸ்ஸில் அந்தக் கையை உயரத் தூக்கிக்கொண்டே வந்தார். நிறுத்தம் கேட்கிறார் என்று நினைத்து டிரைவர் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார்.

வீட்டில் அம்மா மயிலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து, மயிலுக்கு இரண்டு விரல் தள்ளி மாமாவின் கையில் ஒட்டினார்.

“கழுத்துக்கிட்ட கோடு கோணல்.”

“இதைப் பிரிச்சுத் தைக்க முடியாதுக்கா” என்றார் மாமா.

மாமா சொரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. கையில் ஒரு ஸ்கேலும் கிடைத்தது. நான் கடமையில் குறை வைக்கவில்லை. முதுகைச் சொரிந்தாலும் அடித்தேன். தலை வாரச் சீப்பை எடுத்தாலும் அடித்தேன்.

ஆறாம் நாள் மயில் உரிய ஆரம்பித்தது. கறுப்புக் கறுப்பாகத் தோல் செதில்கள் பாயில் கிடந்தன. மயில் கழன்று வருகிறது என்று நினைத்தேன். மாமா கடைக்காரருக்குப் போன் போட்டார். புதுசாகக் குத்தினால் அப்படித்தான் மேல்தோல் உரியும், மயில் அடியில் பத்திரமாக இருக்கும் என்றாராம். ஆனால் மாமாவின் கவலை வேறு. அஞ்சாறு வருசத்து மயில் எங்கேயாவது உரியுமா? “ஞாயித்துக்கெழமைக்குள்ள உரியறது நிக்கலீன்னா கல்யாணம் நின்னுரும்க்கா” என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் காதிலும் விழுந்தது.

நான் பிரிண்டிங் கம்பெனிக்குப் போயிருக்கிறேன். பனியனில் படம் அடித்ததும் அதற்கு நன்றாகச் சூடு காட்ட வேண்டும். சூடு போதவில்லை என்றால் முதல் துவைப்பிலேயே படம் உரிந்து வந்துவிடும். அப்படி உரிகிற பனியனை மாமாவே வீட்டுக்குக் கொண்டுவந்து, மேலே ஒரு பேப்பரை வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்தி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். டாட்டூ கடையில் எல்லாம் செய்தார்கள், சூடு மட்டும் காட்டவில்லை. இவ்வளவு பெரியவர்களுக்கு இது தோன்றவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு மாமா கையை நீட்டித் தூங்கினார். நான்கு மணிக்குச் சோமனூர்க்காரர்கள் வருவார்கள். நான் அயர்ன் பாக்ஸைப் பிளக்கில் செருகினேன். மயில் மேல் செய்தித்தாளை விரித்தேன். வைத்து அழுத்தினேன்.

பிள்ளைகளே, இதை யாரும் செய்துவிடாதீர்கள். பெட்டி அப்போதுதான் சூடேற ஆரம்பித்திருந்தது. அது மாமா செய்த புண்ணியம், நான் செய்த புண்ணியமும்தான். மாமா பாயிலிருந்து எழுந்ததை நான் பார்க்கவில்லை. பார்க்கும்போது பீரோவுக்குப் பக்கத்தில் நின்று கையை உதறிக்கொண்டிருந்தார். பேப்பர் கையோடு ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தால், தடவியிருந்த மருந்தில் செய்தித்தாள் மை இறங்கி, மயில் தோகை மேல் ஒரு நகைக்கடை விளம்பரம் தலைகீழாகப் படிந்திருந்தது.

அம்மா ஒரு கையால் என்னை அடித்துக்கொண்டே இன்னொரு கையால் மாமாவின் கையில் சோப்புப் போட்டார். விளம்பரம் போனது. கூடவே இன்னும் கொஞ்சம் தோலும் போனது. வாசலில் கார் சத்தம் கேட்டபோது மயில் சிவந்து, பாதி உரிந்து, குளித்துவிட்டு வந்த கோழி மாதிரி இருந்தது.

வந்தவர்கள் வீட்டைப் பார்த்தார்கள், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று கேட்டார்கள். காபி வந்தது. பெண்ணின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

“மயிலைக் காட்டுங்க தம்பி.”

மாமா சட்டைக் கையை மடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பெண்ணின் அப்பா மாமாவின் கையைத் தன் மடியில் வைத்துக் குனிந்து பார்த்தார். ஒரு கறுப்புச் செதில் அவருடைய வெள்ளை வேட்டியில் விழுந்தது. அதை விரலால் எடுத்துப் பார்த்தார்.

“அஞ்சாறு வருசமாச்சுன்னீங்க.”

“ஆமாங்க” என்றார் மாமா.

அவர் இரண்டு கையாலும் மயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மாமா முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மயில் நல்லா இருக்குதுங்க மாப்ளே. இன்னும் ஒரு வாரத்துக்கு வெயில் காட்டாதீங்க. அரிச்சாலும் நகம் படாமப் பாத்துக்கங்க” என்றார். மாமா சட்டைக் கையைக் கீழே இறக்கிவிட்டார். பெண்ணின் அப்பா என் அம்மா பக்கம் திரும்பி, தை மாதம் முகூர்த்தம் வைத்தால் சௌகரியப்படுங்களா என்று கேட்டார்.

கார் போன பிறகு மாமா வாசல்படியில் உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டிருந்தார், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கல்யாணம் முடிவான வீட்டில் எதற்கு இப்படி இருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவருக்குத் தைரியம் சொன்னேன்.

“கவலைப்படாதீங்க மாமா. அவர் கண்டுபிடிக்கவே இல்லை.”