காதுக்காரியின் தவளை

காது மிஷின் ரிப்பேர் செய்யும் கடையில் அவளுக்குப் பதினாறு வருஷ சர்வீஸ். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அங்கே கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். துடைப்பத்தோடு நின்று பார்த்தே சால்டரிங் வைக்கக் கற்றுக்கொண்டாள். எள்ளு அளவு மைக்கைக் கழற்றி மாட்டுவதில் இப்போது அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவள் காதுக்காரம்மா. தெருவில் வெறும் காதுக்காரி.

குறை ஒன்றுதான். அவள் குரல் வெளியே வராது. காது கேட்காமல் வருகிறவர்களிடம் அவள் எதையாவது கேட்டால், பாவம், அவர்கள் மிஷினைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள்.

"நீ பேசினா காது நல்லா இருக்கறவனே மிஷின் வாங்கிட்டுப் போவான். அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கேன்" என்பார் முதலாளி.

வீட்டில் அவளும் தம்பியும் மட்டும். அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. தம்பிக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. பஸ் டிப்போவில் தற்காலிகக் கண்டக்டர். ஐந்து நாற்பதுக்குக் கிளம்பும் முதல் பஸ்தான் அவனுடையது. வேலையில் கெட்டிக்காரன், தூக்கத்தில் கும்பகர்ணன். அந்த மாதம் இரண்டு முறை தாமதமாகப் போய் இரண்டு மெமோ வாங்கியிருந்தான். மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும். வராவிட்டால் மார்ச் மாதம் நிரந்தரம். டைம் கீப்பர் இதை அவன் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் எழுப்பலாமே என்றால், அங்கேதான் சிக்கல். குடியிருப்பின் கீழ்க்குழாயில் தண்ணீர் வருவது காலை நாலே முக்காலிலிருந்து ஐந்தரை வரை. அந்த நேரம் அவள் வரிசையில் நின்றாக வேண்டும். குடத்தை வைத்துவிட்டு மூன்று மாடி ஏறி வந்தால், திரும்பிப் போகும்போது குடம் வரிசையின் கடைசிக்குப் போயிருக்கும். கிளம்பும் முன் எழுப்பினாலோ, "எழுந்துட்டேன்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடுவான்.

அலாரம் வைத்த போன் எல்லாம் தலையணைக்கு அடியில் போய் அடங்கியது. அதனால் அவளே ஒரு கடிகாரம் செய்ய உட்கார்ந்தாள்.

குப்பைக்குப் போகவிருந்த ஒரு தவளை உண்டியல். பச்சைப் பிளாஸ்டிக், அகன்ற வாய். அதன் வயிற்றை அறுத்து உள்ளே நேரம் காட்டும் சிப், பழைய பொம்மைக் காரின் மோட்டார், குரலைப் பதிந்து வைக்கும் சின்ன போர்டு எல்லாவற்றையும் அடக்கினாள். கண்களுக்கு இரண்டு சிவப்பு எல்இடி. காதுக்கு, கடையில் கழித்துப்போட்ட காது மிஷினின் மைக். மின்விசிறி இரைச்சலை விட்டுவிட்டு மனிதப் பேச்சை மட்டும் பிடிக்க வைப்பது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு.

ஐந்து மணிக்குத் தவளையின் கண் எரியும். "எழுந்தாச்சா?" என்று கேட்கும். பதில் வராவிட்டால் கர்கர் என்று கத்திக்கொண்டு மேஜை மேல் குதிக்கும், மறுபடி கேட்கும். ஒரு பதிலை அவன் தூக்கத்திலேயே சொல்லிவிடுவான் என்று அவளுக்குத் தெரியாதா? ஒரு நிமிஷ இடைவெளி விட்டு மூன்று தடவை கேட்கும்படி வைத்தாள். மூன்றுக்கும் பதில் கிடைத்தால்தான் கண் அணையும்.

கேள்வியைத் தன் குரலிலேயே பதிந்தாள். பதினோரு தடவை பதிந்தும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிதான் வந்தது.

"இதுக்கு மாமியார்னு பேர் வைக்கலாம்கா. பதில் சொல்லாம விடாது" என்றான் தம்பி.

"உனக்கு வரப்போறவளுக்கு இது எவ்வளவோ மேல். மூணு தடவையோட நிறுத்திக்கும்."

ஒரு தப்பு செய்தாள். அவள் ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எவ்வளவு சத்தமான பதிலைத் தவளை ஏற்க வேண்டும் என்று திருகைத் திருப்பி அளவு வைக்க வேண்டும் அல்லவா? அதைத் தன் குரலுக்கே வைத்தாள். பக்கத்தில் இருக்கிறவனுக்கே எட்டாத அந்த முணுமுணுப்பு தவளைக்குப் போதும் என்று ஆகிவிட்டது.

முதல் நாள் அவள் தண்ணீரோடு மேலே வந்தபோது மணி ஐந்து இருபத்தைந்து. தவளையின் கண் அணைந்திருந்தது. தம்பி சுவரைப் பார்த்துப் படுத்து அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பினாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி, நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றிக்கொண்டான்.

"என்ன சொன்னே அதுகிட்ட?" என்று மாலையில் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலை. அது கேக்கவே இல்லையே."

திருகைப் பாதி திருப்பினாள். இனி சாதாரணமாகப் பேசுகிற குரல் வேண்டும். மறுநாளும் கண் அணைந்திருந்தது. தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு டிரைவர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டதால் தப்பினான். இல்லையென்றால் அன்றே கதை முடிந்திருக்கும்.

மூன்றாம் நாள் குடங்களைக் கீழ்வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள்தான். நாளைக்கும் நீட்டினே, குடத்தை நானே வெச்சுப்பேன்" என்றாள் அவள்.

தம்பி அறையில் விளக்கைப் போடாமல் தரையில் உட்கார்ந்தாள். கடையிலிருந்து எடுத்துவந்த மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டாள். வீடு முழுக்கக் காதுக்குள் இறங்கியது. தம்பியின் மூச்சு, மின்விசிறியின் முனகல், கீழே குடத்தில் விழும் தண்ணீர்.

ஐந்து மணி. சிவப்புக் கண்கள் எரிந்தன. "எழுந்தாச்சா?" என்றது அவள் குரல்.

தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசையவில்லை.

"எழுந்தாச்சு."

அது சுவருக்கு உள்ளேயிருந்து வந்தது. தம்பியின் கட்டில் ஒட்டியிருந்த சுவர். ஆண் குரலா பெண் குரலா என்று சொல்ல முடியவில்லை. வெகுநாள் பேசாமலிருந்த தொண்டை என்பது மட்டும் தெரிந்தது. கடைக்கு வருகிறவர்கள் தொண்டையைக் கேட்டே எத்தனை நாள் தனியாக இருந்திருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள் அவள்.

ஒரு நிமிஷம் கழித்துத் தவளை மறுபடி கேட்டது.

"எழுந்தாச்சு." இப்போது சுவருக்கு இந்தப் பக்கம்.

மிஷினைக் கழற்ற வேண்டும் என்று நினைத்தாள், விரல் போகவில்லை. மூன்றாவது கேள்வி வந்தது. பதில் அவள் காதுக்கு விரற்கடை தூரத்தில் வந்தது. மூச்சுக்காற்று இல்லாத பதில்.

"எழுந்தாச்சும்மா."

கண்கள் அணைந்தன. தம்பி புரண்டு படுத்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அவன் முகத்தில் கொட்டினாள். திட்டிக்கொண்டே எழுந்து போனான்.

பக்கத்து வீடு பத்து மாதமாகப் பூட்டிக் கிடந்தது. சாயங்காலம் வாட்ச்மேனிடம் சாவி கேட்டாள்.

"தெரிஞ்சவங்க யாரோ வீடு பாக்கறாங்க" என்றாள்.

"என்ன?"

மறுபடி சொன்னாள்.

"யாரும்மா வரப்போறாங்க. வந்தவங்க எல்லாரும் ரெண்டு மாசத்துல கிளம்பிட்டாங்க. சத்தமாம். என்ன சத்தம்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியலை." கதவைத் திறந்துவிட்டவர் வாசலிலேயே நின்றுகொண்டார். "எனக்கு முட்டி வலி. நீ பாத்துட்டு வா."

உள்ளே ஒரு சாமான் இல்லை. சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள், ஜன்னல் விளிம்பில் உலர்ந்த சோப்புத் துண்டு. தரை முழுக்கத் தூசி. அவள் கால் வைத்த இடமெல்லாம் அச்சு விழுந்தது. தம்பி அறையோடு ஒட்டிய சுவரோரம் மட்டும் ஓர் ஆள் படுக்கும் நீளத்துக்குத் தூசி இல்லை. துடைத்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

திரும்பி ஓடியிருப்பாள். மூன்றாவது மெமோ நினைவுக்கு வந்தது. நாளை காலை அவள் குழாயடியில் நிற்பாள், இந்தச் சுவர் பதில் சொல்லும், தம்பிக்கு வேலை போகும். தவளையை எடுத்துவிட்டாலும் அவனை எழுப்ப வேறு வழியில்லை.

பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. கடையில் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"அக்கா, அது உங்களைக் கேக்கலை. என் தம்பியைக் கேக்குது. நீங்க பதில் சொன்னா அவன் தூங்கிடறான். இன்னொரு தடவை லேட்டானா வேலை போயிடும். அவன் எழுந்துக்கணும்க்கா. அவ்வளவுதான்."

வாழ்க்கையில் யாரிடமும் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. திருப்பிச் சொல்லு என்று யாரும் கேட்கவும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்குக் குழாயடியில் அவள் முறை வர நான்கு பேர் இருந்தார்கள். கீழ்வீட்டுக்காரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், இவளுக்கு ஒன்றும் ஏறவில்லை. ஐந்து இருபதுக்குக் குடத்தோடு மூச்சு வாங்க மேலே ஏறினாள்.

தம்பி தலைவாரி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தான்.

"தவளை கத்துச்சா?"

"அது கத்தறதுக்கு முன்னாடியே முழிச்சுட்டேனே. நீதானே வந்து தோளைத் தொட்டே? கை ஜில்லுனு ஈரமா இருந்துச்சு. குடத்தை விட்டுட்டு எதுக்கு ஓடி வந்தே?"

இடுப்பில் குடம் நழுவியது. பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொன்னால் அவன் பயப்படுவான். இன்னொருவர் தொட்டார் என்று தெரிந்தால் அந்த அறையில் இனிப் படுக்கமாட்டான், நாளைக்கு எழவும் மாட்டான்.

"ஆமா. நான்தான்" என்றாள்.

அதன்பிறகு ஒரு நாள்கூட அவன் தாமதமாகப் போகவில்லை. டைம் கீப்பர், "என்னடா, கல்யாணம் கில்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாராம். மார்ச்சில் நிரந்தர உத்தரவு வந்தது. கவரோடு வந்து அக்காவின் காலைத் தொட்டான்.

"எல்லாம் நீ எழுப்பினதுதான்கா. ஒண்ணே ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதே. முன்னெல்லாம் தோளை லேசாத் தொடுவே. இப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுக்கறே. இன்னிக்கு இழுத்த இழுப்புல சுவர்ல போய் முட்டிக்கிட்டேன்."

சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். மேற்கையில் வரிசையாக விரல் பதிந்த கன்றல்.

கவரை வாங்கி அலமாரியில் வைத்தாள். தம்பியின் படுக்கையைச் சுருட்டினாள். தலையணையை அதன்மேல் போட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து, வாசல் கதவோரம், தன் பாயை ஒட்டி விரித்தாள்.

"இனிமே நீ இங்கதான் படுக்கணும்" என்றாள்.

"அப்ப யார் எழுப்புவா?"

"நான் எழுப்பறேன்."

"தண்ணி?"

"தண்ணி கிடக்குது" என்றாள். அந்தக் குரல் மூன்று மாடிக்கும் கேட்டிருக்கும்.