அக்கா செய்த போஸ்டர்களும் இந்த அட்டையும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், வீடு தேடி வந்திருக்கும் உற்றார் உறவினர் அனைவரையும் வணங்குகிறேன். இந்த நினைவு மலரின் அட்டையைப் பார்த்ததும் சிலருக்கு முகம் சுருங்கியிருக்கும். பட்டுப்புடவையும் பூவுமாக எத்தனையோ படங்கள் இருக்க, கலைந்த தலையோடு வாயைத் திறந்துகொண்டிருக்கும் இதுதானா கிடைத்தது என்று தோன்றியிருக்கும். அதற்கான பதில் அக்காவின் தொழிலில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அக்கா பிறந்தது மட்டாஞ்சேரியில். அப்பா மிளகுக் கிடங்கில் எடை போடுபவர். அவர் இறந்தபோது அக்கா கல்லூரியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. படிப்பை விட்டுவிட்டு, எர்ணாகுளத்தில் பேனர் அடிக்கும் கடை ஒன்றில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். காலையில் படகு, மாலையில் படகு. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவன் முதல்ல ஒரு வழிக்கு வரட்டும்" என்று என்னைக் காட்டித் தள்ளிப்போட்டார். நான் ஒரு வழிக்கு வந்தபோது பேச்சு நின்றுபோயிருந்தது.

கல்யாண பேனரிலிருந்து சினிமா போஸ்டருக்குப் போனார். அந்த வித்தையை அக்கா சாப்பிடும்போதுகூடப் பேசுவார். சண்டைப் படமென்றால் இருட்டு, நடுவில் தனி ஆள், முதுகு மட்டும் தெரிந்தால் போதும். பேய்ப் படமென்றால் ஒரு வீடு, ஒரு ஜன்னலில் வெளிச்சம். குடும்பப் படத்துக்கு மஞ்சளோ வெள்ளையோ பின்னணி. அம்மா நடுவில், கோபக்கார மாமா ஓரத்தில், கதவுக்குப் பின்னால் எட்டிப்பார்க்கும் காமெடிக்காரர், எல்லோரும் நம்மைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். "அடியாள் கையில ஒரு குழந்தையைக் குடுத்துப் பாரு, சித்தப்பா ஆயிடுவான்" என்பார்.

போஸ்டரை அனுப்பும் முன் ஒரு பரீட்சை உண்டு. எங்கள் அம்மா திருநெல்வேலியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். மலையாள எழுத்து தெரியாது. அதுவே அக்காவுக்கு வசதி. சாப்பாட்டு மேஜையில் போஸ்டரை வைத்து, "யாரு இவங்க, என்ன நடக்குது, சொல்லும்மா" என்பார். "இவன் மூத்தவன். தம்பிகூடப் பேச்சில்ல. அம்மாக்காரி சேத்து வைப்பா. போலாம், நல்ல படம்" என்று அம்மா சொல்லிவிட்டால் போஸ்டர் பாஸ்.

ஒரு ஓணத்துக்கு அந்தப் பரீட்சையே எங்களைக் கவிழ்த்தது. தயாரிப்பாளர் கதை சொல்லவில்லை. போட்டோக்களை அனுப்பி, "சேச்சி, பேமிலி உள்ள கேறணும், அத்ரதன்னே" என்றார். குடும்பங்கள் வர வேண்டும், அவ்வளவுதான். அக்கா கதாநாயகனின் கழுத்தில் ஒரு குழந்தையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் தாயை நிறுத்தி, முன்னால் சத்யை என்கிற ஓண விருந்து இலையை விரித்தார். அம்மா பாஸ் போட்டார். பக்கத்து வீட்டு ஆயிஷா இத்தாவையும் அவர் மகளையும் தானே கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போனார். இடைவேளைக்கு முன்பே, அந்தக் குழந்தையின் கண் முன்னால் தாயை வெட்டிச் சாய்த்தார்கள். திரை முழுக்க ரத்தம். இத்தாவின் மகள் அலறியதில் மூவரும் பாதியிலேயே ஆட்டோ பிடித்துத் திரும்பினார்கள்.

அம்மா திட்டவில்லை. "நான் சொன்னேன்னு நம்பி அவங்க வந்தாங்க. உன் படத்தை நம்பி நான் சொன்னேன்" என்றார். அக்கா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் இத்தா வீட்டுக்குப் போய், அந்தச் சின்னப் பெண்ணிடமே மன்னிப்புக் கேட்டார்.

அதன் பிறகு முழுக் கதையையும் கேட்காமல் அக்கா எந்தப் போஸ்டரும் செய்ததில்லை. "போஸ்டர்காரிக்கு எதுக்குக் கதை?" என்று கேட்டவர்களை வாசலோடு அனுப்பினார். நிறைய வேலை கைவிட்டுப் போனது. வீட்டில் இழுபறிதான். நானே ஒருநாள் கெஞ்சிப் பார்த்தேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நோய் முற்றிய கடைசி மாதங்களில் பெரியம்மா துணைக்கு வந்திருந்தார். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, பட்டுப்புடவையில் அக்கா நிற்கும் படத்தைக் காட்டி, "எவ்வளவு லட்சணமா இருக்கே பாரு" என்றார். அக்கா சிரித்தார். "பெரியம்மா, இது பேமிலி போஸ்டர். உள்ள ஓடுறது வேற படம்." நாங்களும் சிரித்தோம்.

அந்த மாதங்களில் கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய ஆயிஷா இத்தாவுக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணையிருந்த அவர் மகளுக்கும், எங்களைத் தாங்கிப்பிடித்த பெரியம்மாவுக்கும், கேட்காமலே ரத்தம் கொடுத்த கடைத்தெருச் சேட்டன்மாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அட்டைக்காகக் காத்திருந்த அச்சகத்தாருக்கும் நன்றி. தாமதத்துக்குக் காரணம் இதுதான்: பெரியம்மா கல்யாணப் படத்தையே போடச் சொன்னார். என் கைப்பேசியில் வேறொரு படம் இருந்தது.

இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் வைத்து அம்மாவை உட்காரவைத்தேன். "யாரு, என்ன நடக்குது, சொல்லும்மா" என்றேன். பட்டுப்புடவையை அம்மா நெடுநேரம் பார்த்தார். "யாரோ நல்ல குடும்பத்துப் பொண்ணு. கல்யாணத்துக்கு வந்திருக்கா" என்றார். அடுத்ததைக் கையில் எடுத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இது என் மக. வேலை நேரத்துல போட்டோ எடுக்காதேடான்னு உன்னைத் திட்டுறா. இதையே போடு. நம்பி வர்றவங்க ஏமாறக் கூடாது."