மஸீனா நம்பக்கூடிய கமரா

தண்ணீரூற்று அன்ஸார் வாய் திறந்தால் ஒன்று பத்தாகும். அதை அவரே மறுக்கமாட்டார். சின்ன வயதில் வாப்பா மௌத்தாகி, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் சொல்லிவிட்டு, சைக்கிள் கரியரில் சீத்தைத் துணி கட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் திரிந்தவர். முப்பது வயதில் கல்வீடு கட்டினார். ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம், இந்த மாதிரி இன்னொன்று இல்லை என்று அவர் சொல்லித் திரிந்த கட்டுக் கிணறு. எல்லாம் சொந்த வேர்வை. அப்படி ஏறி வந்த மனிதன் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால் கதைத்துவிட்டுப் போகட்டுமே. உட்கார்ந்து சாப்பிட்டவனா கதைக்கிறான்?

தொண்ணூறாம் ஆண்டு ஆயுத இயக்கம் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது அந்த வீட்டை விட்டுவிட்டுப் பெண்சாதியோடு புத்தளம் போனார். அங்கே ஓலைக் கொட்டிலில் இருந்து வெங்காயம் விற்றார், கருவாடு விற்றார், மறுபடி எழுந்து நின்றார். மகள் றுமானா அங்கேதான் பிறந்தாள். இரண்டாயிரத்து இரண்டில் சண்டை நின்று பாதை திறந்ததும் ஊர் பார்க்கத் திரும்பிய முதல் ஆட்களில் அவரும் ஒருவர். முதல் ஆளே தான்தான் என்பது அவருடைய கணக்கு.

தண்ணீரூற்றில் வீடு இல்லை. கூரை ஓடுகளையும் மரங்களையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குச் சுவர், ஒரு கிணறு, இரண்டையும் மூடிக்கொண்டு காடு. மற்றவன் என்றால் தலையில் கைவைத்திருப்பான். அன்ஸார் கத்தியையும் மண்வெட்டியையும் எடுத்தார். விடிய எழும்பிக் காடு வெட்டுவார், வெயில் ஏற சைக்கிளில் சாமான் ஏற்றிக்கொண்டு விற்கப் போவார். பக்கத்து முள்ளியவளையில் வயல் செய்கிற வீரகத்தி, பழைய வாடிக்கைக்காரர், பின்னேரங்களில் வந்து கைகொடுப்பார்.

“நானா, இது உங்கட வளவுதானே? வடிவாப் பார்த்தனீங்களோ?” என்று வீரகத்தி முதல் நாளே கேட்டார். “எல்லாம் ஒரே பத்தையாக் கிடக்கு. எனக்கெண்டா ஒழுங்கை எது, வேலி எது எண்டே விளங்கேல்ல.”

“என்ட வேர்வை விழுந்த மண் எனக்குத் தெரியாதா, வீரகத்தி? கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேருவன்.”

வீரகத்தி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பத்தைக்குள் இறங்கினார்.

வளவு துப்புரவானதும் அன்ஸார் புத்தளம் போனார், பெண்சாதியையும் பிள்ளையையும் கூட்டி வர. அங்கேதான் சிக்கல். பெண்சாதி மஸீனா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டா.

“தண்ணி எப்படி?”

“கற்கண்டு.”

“பள்ளிக்கூடம்?”

“கொழும்பிலயும் அப்படி ஒண்டு இல்லை.”

“அக்கம்பக்கம்?”

“என்னைக் கண்டதும் சனம் அழுதிட்டுது. ராசாவை வரவேற்ற மாதிரி.”

மஸீனா சுளகைக் கீழே வைத்தா. “இஞ்ச பாருங்க. நீங்க சொன்னா அதில அரைவாசியைக் கழிக்கோணும் எண்டு எனக்குத் தெரியும். எந்த அரைவாசி எண்டுதான் இத்தனை வருசமாத் தெரியேல்ல. ஒருக்கா ஒரு பையோட வீட்டை விட்டு இறங்கினவள் நான். இன்னொருக்கா இறங்கிறதெண்டா என்ட கண்ணால பார்க்கோணும்.”

“அப்ப வந்து பாருங்க.”

“வந்தா நீங்க எனக்குக் காட்டுறதைத்தான் பார்ப்பன். படம் கொண்டு வாங்க. ஸ்ரூடியோப் படம் வேணாம். ஒவ்வொரு நாளும் உள்ளது உள்ளபடி. சந்தை, ரோட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போற பிள்ளையள், நீங்க ஆக்கித் தின்னுற சோறு, கிணறு. தை மாசம் பள்ளிக்கூடம் தொடங்க முதல் காட்டினா வாறன். இல்லாட்டி றுமானா இங்கேயே படிக்கட்டும். பிறகு நீங்க அங்க, நாங்க இங்க. திருப்பித் திருப்பிக் கேட்கக்கூடாது.”

மஸீனா கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் அன்ஸாரைப் பயப்படுத்தியது.

ஆகவே அவர் வவுனியாவுக்குப் போனார். அங்கே உடன்பிறந்த ராத்தாவின் மகன் சிறாஜ் கமராக் கடை வைத்திருந்தான். தினமும் சட்டைப் பையில் கிடக்கக்கூடிய கமரா ஒன்று வேண்டும் என்றதும் சிறாஜ் கண்ணாடி அலுமாரியைத் திறந்து இரண்டை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று பழைய பிலிம் கமரா. கறுப்பு, சவர்க்காரக் கட்டியளவு, முன் மூடியை இழுத்தால் கண் திறக்கும். மற்றது துபாயிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்ற டிஜிற்றல். வெள்ளிபோல மினுங்கியது.

“மாமா, உங்கட தரத்துக்கு இதுதான்,” என்று வெள்ளியைத் தள்ளினான் சிறாஜ். தரம் என்ற சொல் அன்ஸாருக்குப் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் வியாபாரி வியாபாரிதான். டிஜிற்றலைச் சட்டைப் பையில் போட்டு, மூட்டை தூக்குகிறவன்போலக் குனிந்தார். கமரா வழுக்கி விழுந்தது. சிறாஜ் பாய்ந்து பிடித்தான். கறுப்பைப் போட்டுக் குனிந்தார். அது பையின் அடியில் அசையாமல் கிடந்தது.

“பைக்கு ஒரு பொத்தான் வைச்சாச் சரி மாமா,” என்றான் சிறாஜ், நெஞ்சைத் தடவிக்கொண்டு. “இதில எடுத்தவுடன் படம் பார்க்கலாம். வாற வழியில ஓமந்தைச் சாவடியில சோதிக்கிறவங்கள் என்ன எடுத்தனீங்க எண்டு கேட்டா அந்த இடத்திலேயே காட்டலாம். பிலிம் எண்டா அவங்கள் சந்தேகத்தில திறந்து பார்த்தாங்களோ, வெளிச்சம் பட்டு எல்லாம் போச்சு.”

“கரண்டுக்கு எங்க போறது?”

“பற்றரி. கொஞ்சம் கெதியாத் தின்னும்தான்.”

“எங்கட பக்கத்தில ரோச்சுக்கே பற்றரி தேடித் திரியிறம்.”

ஆனாலும் மனம் வெள்ளியிலேயே நின்றது. அதை எடுத்து சிறாஜைப் படம் பிடித்தார். படத்தில் சிறாஜ் வாயைப் பிளந்தபடி விழுந்திருந்தான்.

“அதை அழியுங்க மாமா. இந்தா, இதை அமத்தினாச் சரி.”

அமத்தினார். சிறாஜ் காணாமல் போனான். அன்ஸார் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது.

“அழிச்சதைப் பிறகு மஸீனா பார்க்கேலுமா?”

“அழிச்சா அழிச்சதுதான் மாமா. நல்லதை மட்டும் வைச்சிருக்கலாம். அதுதானே இதிட விசேசம்.”

அன்ஸார் அதை மேசையில் வைத்தார். நெல் வாங்கப் போனால் அவர் மூட்டையின் மேல்நெல்லைப் பார்க்கமாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு அடிநெல்லை அள்ளிப் பார்ப்பார். விற்கும்போதும் கட்டு அவிழ்க்காத மூட்டையை வாங்குகிறவன் முன்னால்தான் அவிழ்ப்பார். வாயால் எவ்வளவு அளந்தாலும் மூட்டையில் அவர் ஒருநாளும் கைவைத்ததில்லை. அந்தப் பெயரில்தான் அவர் சாப்பிட்டார். அழிக்கக்கூடிய கமராவைக் கொண்டுபோனால் மஸீனா முதலில் கேட்பது, எத்தனையை அழித்தீர்கள் என்றுதான்.

“பிலிமில ஒரு படத்தை மட்டும் எடுத்து எறியேலுமா?”

“அதெப்படி? நெகற்றிவில வரிசையாக் கிடக்கும். வெட்டினா வெட்டின இடம் தெரியும்.”

“அப்ப கறுப்பைக் கட்டு.”

“மாமா, உலகம் டிஜிற்றலுக்கு…”

“உலகத்துக்கு மாமி மஸீனா இல்லை. கட்டு.”

அன்றிலிருந்து கறுப்புக் கமரா சட்டைப் பையில் குடியிருந்தது. வேர்வை படாமல் சீனிப் பையில் சுற்றியிருப்பார். படம் எடுப்பது பெரிய வேலையில்லை. சனத்தைச் சும்மா இருக்கச் செய்வதுதான் வேலை. அந்தப் பக்கத்தில் படம் என்றால் கலியாணம், அடையாள அட்டை, செத்தவீடு. கமராவைக் கண்டதும் மீன்காரி தராசைப் போட்டுவிட்டுத் தலை சீவ ஓடினாள். வீரகத்தி மண்வெட்டியை ஒளித்துவிட்டு வேட்டி மாற்றிக்கொண்டு வந்து விறைத்து நின்றார்.

“ஏன் அட்டைக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாய்? மண்ணை வெட்டு.”

“வேர்த்துக் கொட்டுது நானா. உங்கட மனுசி என்னை என்னெண்டு நினைப்பா?”

“வேர்க்கிற மனுசன் எண்டு நினைப்பா. வெட்டு.”

சந்தை, புழுதி ரோட்டு, மரத்தின் கீழே நடந்த வகுப்பு, அடிப்பிடித்த சோறு, அவர் படுத்தெழும்பிய ஒழுகல் கொட்டில் என்று ஒன்றையும் விடாமல் எடுத்தார். ஒழுகல் கொட்டிலை எடுக்கக் கை கொஞ்சம் பின்வாங்கியதுதான். எடுத்தார். கடைசிப் படத்தைக் கிணற்றுக்கு வைத்திருந்தார். காடு நீங்கி, கல் கழுவி, கட்டு வட்டமாகப் பளிச்சென்று நின்ற கிணறு. அதை மட்டும் விடியற்காலை நல்ல வெளிச்சத்தில் எடுத்தார். அவ்வளவு பெருமைகூட இல்லையென்றால் அவர் அன்ஸாரே இல்லை.

ஓமந்தைச் சாவடியில் சோதித்த ஒருவன் பிலிம் சுருளை விரலில் உருட்டிப் பார்த்தான். “இதுக்குள்ள என்ன?”

“நான் ஆக்கின சோறு, தம்பி. பெண்சாதி காட்டச் சொன்னவ. வெளிச்சம் பட்டா எனக்கு வீடில்லை.”

அவன் முகத்தைப் பார்த்தான், பிலிமைப் பார்த்தான், சிரித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தான்.

சிறாஜ் பிலிமைக் கழுவிப் பிரதி எடுத்துத் தந்த உறையை அன்ஸார் பிரிக்கவில்லை. ஒட்டியபடியே புத்தளம் கொண்டுபோய் மஸீனாவின் மடியில் வைத்தார்.

“நானும் பார்க்கேல்ல. நீங்களே அவிழுங்க.”

மஸீனா அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தா. பிறகு படங்களைப் பாயில் பரப்பி, நெகற்றிவை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தா. ஒன்றும் குறையவில்லை. அடிப்பிடித்த சோற்றில் உதடு கொஞ்சம் அசைந்தது. ஒழுகல் கொட்டில் படத்தை நெடுநேரம் பார்த்தா. மரத்தடி வகுப்பைக் கண்டு, “கொழும்பில இல்லாத பள்ளிக்கூடம் இதுதானோ?” என்றா. அன்ஸார் கூரையைப் பார்த்தார். கடைசியாகக் கிணற்றுப் படத்தை எடுத்தா. வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பார்த்தா. திரும்பி வந்தபோது அவவுடைய முகம் மாறியிருந்தது.

“இது எங்கட கிணறு இல்லை.”

“என்ன கதை இது? நான் வெட்டின காடு, நான் கழுவின கல்லு.”

“எங்கட கிணத்துக் கட்டு ஒரு பக்கம் தட்டை. கட்டேக்க உங்களுக்குக் கல்லு முடிஞ்சு போச்சு. வாளி வைக்கத்தான் அப்படிக் கட்டினனான் எண்டு ஊரெல்லாம் சொன்னீங்க. அந்தத் தட்டையில வாளி வைச்சு வைச்சுத் தண்ணி அள்ளினவள் நான். இது முழு வட்டம். இது பக்கத்து வீட்டு றிஃபாத் நானாட கிணறு.”

அன்ஸார் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். “வட்டமாக் கிடந்ததைப் பார்த்தனான்தான். நாங்க ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு ஆரோ வடிவாத் திருத்திக் கட்டியிருக்கிறாங்க எண்டு நினைச்சன்.”

“வளவை எங்கயிருந்து எண்ணினீங்க?”

“பள்ளிவாசல் பக்கத்து ஒழுங்கையில இருந்து மூண்டாவது வளவு.”

“அது ஒழுங்கைதானா?”

யோசித்துப் பார்த்தார். அது டிரக்டர் போய்ப் போய் விழுந்த புதுத் தடம். உண்மையான ஒழுங்கை காட்டுக்குள் மூடிக் கிடந்திருக்கிறது. வீரகத்தி கேட்டது நினைவுக்கு வந்தது. கண்ணைக் கட்டி விட்டாலும் வருவேன் என்று சொன்னவர், கண்ணைத் திறந்துகொண்டே மாதக்கணக்காக அடுத்தவன் காட்டை வெட்டியிருக்கிறார். படங்களை அடுக்க ஆரம்பித்தார்.

“வையுங்க,” என்றா மஸீனா. “ஏன் அடுக்கிறீங்க?”

“தை மாசத்துக்கு முதல் காட்டச் சொன்னீங்க. காட்டினது பிழையான வளவு. இனி என்ன?”

மஸீனா சிரிக்கத் தொடங்கினா. சத்தமில்லாமல், தோள் குலுங்க. றுமானா ஓடி வந்து உம்மாவுக்கு என்ன என்று பார்த்தாள். அவள் பிறந்ததிலிருந்து உம்மா இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

“என்னை ஏமாத்த நினைச்ச ஆள் றிஃபாத் நானாட கிணத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்கே காட்டுமா?” என்றா கண்ணைத் துடைத்தபடி. “அப்ப மற்றதெல்லாம் உண்மை. சோறு உண்மை, ஒழுகிறது உண்மை, மரத்தடி உண்மை. முதல் தடவையா உங்களிட்டக் கழிக்க ஒண்டுமில்லை.” கிணற்றுப் படத்தைத் தனியே எடுத்து வைத்தா. “எங்கட வளவில இன்னும் காடு கிடக்கா?”

“முழுக் காடும்.”

“அப்ப நான் வராமச் சரிவராது. உங்களை விட்டா நாலாவது வளவையும் வெட்டிப்போடுவீங்க.”

அன்று பின்னேரம், மூன்று கொட்டில் தள்ளிக் குடியிருந்த றிஃபாத்தின் பெண்சாதி ஸம்ஹா வந்தா. கிணற்றுப் படத்தை இரண்டு கையாலும் வாங்கினா. கட்டின் வட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றிவிட்டு, தலைச்சீலைக்குள் வைத்துக்கொண்டு போனா. அன்ஸார் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை அப்போதுதான் வலிக்காமல் விட்டது.

தை பிறக்க முன்பே மூவரும் தண்ணீரூற்றில் இறங்கினார்கள். மஸீனா காட்டின இடத்தில் அன்ஸாரும் வீரகத்தியும் வெட்டினார்கள். வேருக்கும் கொடிக்கும் கீழே கிணற்றுக் கட்டு தட்டுப்பட்டது. ஒரு பக்கம் தட்டை. மஸீனா கையால் மண்ணைத் தட்டி, கொண்டுவந்த வாளியை அதன்மேல் வைத்தா. ஆடாமல் நின்றது.

அன்ஸார் சட்டைப் பையிலிருந்து கறுப்புக் கமராவை எடுத்து மூடியை இழுத்தார். “பார்த்தியா வீரகத்தி? வாளி வைக்கத்தான் கட்டினது. றிஃபாத்தட வளவும் தெரியாமல் வெட்டினதில்லை. அவனுக்கு உதவியா இருக்கட்டும் எண்டு நான் முதலே நினைச்சுத்தான் வெட்டினனான்.”

“வீரகத்தி அண்ணன்,” என்றா மஸீனா, “அதில அரைவாசியைக் கழியுங்க.”

“எந்த அரைவாசி, தங்கச்சி?”

மஸீனா வாளியில் கயிற்றைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டா. அன்ஸார் படத்தை எடுத்தார்.