காதர் அண்ணனின் உள்ளங்கால் மச்சம்

போன வாரம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காதர் அண்ணன். கம்பத்தில் திராட்சை வியாபாரம் செய்கிறவர், என் நெடுநாள் சிநேகிதர். ஓயாமல் பேசுகிற மனிதர், அன்று டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய உள்ளங்காலில் ஒரு கறுப்பு மச்சம். அங்கே மச்சம் இருந்தால் ஊர் ஊராகப் போய்ச் சம்பாதிப்பார்கள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மச்சம் வளர வளர அண்ணனுக்குச் சந்தோஷம்! "யாவாரம் எர்ணாகுளம் வரைக்கும் போயிருச்சுல்ல தம்பி?" என்பார். அது கசிய ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். தோல் புற்றுநோய்.

வெயிலே படாத உள்ளங்காலில் கூடவா வரும்? வருமாம்.

மச்சத்தை வெட்டி எடுத்தாகிவிட்டது. பரவிவிட்டதா... அன்றைக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

உள்ளே கூப்பிட்டு டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். நம் உடம்பின் காவல் செல்கள் மேல் 'ரிசெப்டர்' என்று ஒன்று உண்டு. நெறிகட்டும் இடத்துக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, வழிகாட்டுவது அதுதான். சில புற்றுநோய் செல்களும் அதே ரிசெப்டரை மாட்டிக்கொண்டு அங்கே போய்விடுகின்றன. அது தென்பட்டால் நோய் பரவும் என்பதற்கு அடையாளமா என்று ஆராய்கிறார்களாம்.

"போலீஸ் ஜீப்பு மாதிரி பெயின்ட் அடிச்சு, கள்ளச்சரக்கோட குமுளி செக்போஸ்ட்டத் தாண்டுறாப்புலயா?" என்றார் அண்ணன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான்! ஆனா அது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. உங்களுக்குத் தொடை இடுக்குல நெறியையே எடுத்து டெஸ்ட் பண்ணிட்டோம். அங்க பரவல. செக்கப்புக்கு மட்டும் தவறாம வரணும்."

அண்ணன் அழுதுவிட்டார். எனக்கும் கண் கலங்கியது. பயம் அவருக்கு மட்டுமா இருந்தது?

முகத்தில் ஒரு பரு வந்தால் பத்துத் தடவை கண்ணாடி பார்க்கிறோம். நம்மை நாள் முழுக்கச் சுமக்கிற உள்ளங்காலைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

தேனி பஸ்ஸில் உட்கார்ந்ததும் அண்ணன் என் பக்கம் திரும்பினார். "செருப்பக் கழட்டுங்க தம்பி. கால இங்கன வைங்க" என்று தன் மடியைத் தட்டினார்.

மூத்தவர் மடியில் காலை வைப்பதா? கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் வைத்தேன். செல்போன் டார்ச்சை அடித்து, விரல் இடுக்கு வரை பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்று காலை விட்டார்.

அதற்குள் கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்து நின்றார்.

"எடுக்குறோம் தம்பி... மொதல்ல அந்த ஷூவக் கழட்டுங்க!"