கோடு படுத்த இடம்

புக்கிட் ரம்பாய் வீட்டு ஹாலில் என் ஸ்பீக்கர்களை ஒழுங்காகப் பாட வைக்க நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். சோபாவில் உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்துவேன். ஸ்பீக்கர் அடித்தொண்டையிலிருந்து கீச்சுக்குரல் வரை ஒரே மூச்சில் ஊளையிடும். அறை எந்தச் சத்தத்தைப் பெருக்குகிறது, எதை விழுங்குகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு கோடாக வரைந்து காட்டும். பிறகு கூடியதைக் குறைத்து, குறைந்ததைக் கூட்டி, அதுவே சரிக்கட்டிவிடும்.

அந்தக் கோட்டுக்கு ஒரே எதிரி என் மனைவி. தீபாவளிக்கு ஜன்னல் திரைகளை மாற்றாவிட்டால் அவளுக்குப் பண்டிகையே இல்லை. போன வருஷம் கனமான வெல்வெட் துணி வாங்கி, தானே தைத்து மாட்டினாள். அறையை அளந்தேன். கீச்சுக்குரல் பக்கம் கோடு படுத்துவிட்டது.

"கழட்டிடு. சத்தமெல்லாம் அமுங்கிப் போச்சு" என்றேன்.

"உங்களுக்கு ஸ்பீக்கர் முக்கியமா, வீட்டுக்கு வர்ற ஆளுங்க முக்கியமா?"

மறுபடி சரிக்கட்ட அரை மணி நேரம் போதும். எனக்குத்தான் பிடிவாதம். அவள் கழற்றி, மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் பழையதையே மாட்டினாள். அதிலிருந்து ஐந்தாவது மாதம் இறந்துபோனாள்.

துக்க வருஷம் என்பதால் இந்த முறை எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை. முந்தின நாள் காலையில் வேறு வேலை இல்லாமல் ஹாலை அளந்தேன். தெருவில் வெடித்த பட்டாசுச் சத்தம் புகுந்து இரண்டு முறை அளவு கெட்டது. மூன்றாவது முறை வந்த கோடு போன வருஷம் வெல்வெட்டுக்கு முன்னால் எடுத்த கோட்டின் மேல் அப்படியே படிந்தது. நான் அத்தனை சண்டை போட்டது இதற்குத்தான். பார்க்கப் பிடிக்கவில்லை. எதையும் மாற்ற ஆளில்லாத வீடு இப்படித்தான் இருக்கும்.

வெல்வெட்டை எடுத்து மாட்டினேன். மறுபடி அளந்தபோது கோடு அதே இடத்தில் படுத்தது. திருத்தவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று மூடிவிட்டேன். பாட்டு மந்தமாகத்தான் கேட்டது. கொஞ்ச நேரம் அழுதேன்.

துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டோம் என்பதால் பக்கத்து வீட்டுப் பெண் முறுக்கு கொண்டுவந்தாள். ஜன்னல் திரையைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"என்ன அங்கிள், உங்களுக்கு இந்த வருஷம் தீபாவளி இல்லதானே? புது லங்சிர் மாட்டியிருக்கீங்க?"

"இது போன வருஷத்துதும்மா" என்றேன்.