கருப்பாத்தாள் சொன்ன பனி

1958 ஜூன் 2: வேலையில் சேர்ந்தது. மாதம் ரூ. 45.00
1965 ஏப்ரல் 1: ரூ. 82.50
1972 ஜனவரி 1: ரூ. 140.00
1974 ஜூலை 20: சம்பளம் நிறுத்தம்
1975 மார்ச் 31: கணக்குத் தீர்த்தது ரூ. 1,906.25

கேரளத்தில் பீர்மேட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்த கருப்பாத்தாளின் கணக்கு இது. அலுவலக எழுத்தராக இருந்து ஐந்து வரிகளையும் எழுதியவன் நான். கடைசி இரண்டு வரிகளும் ஒரே சொல்லால் வந்தவை. அந்தச் சொல் திருத்தப்பட்டிருந்தால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும்.

அவருக்குப் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் இறந்துவிட, பிரசவப் பயிற்சி முடித்து ஒரு தகரப் பெட்டியோடு மலையேறினார். தோட்டத்தில் மற்ற எல்லாரும் மதுரை, திருநெல்வேலிச் சீமை ஆட்கள். எதற்கும் 'ங்க' போடும் அவருடைய கொங்குப் பேச்சு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்களுக்குச் சிரிப்பு.

"நர்சக்கா பிள்ளையையும் 'வெளிய வாங்க'ன்னுதான் கூப்பிடுவாக" என்பார்கள்.

"மரியாதையாக் கூப்பிட்டாத்தானுங்க சீக்கிரம் வருது. உங்க மாமியாளாட்ட அதட்டுனா உள்ளயே இருந்துக்குது" என்பார் அவர்.

அவர் கையில் பிறந்த பெண்கள் வளர்ந்து கொழுந்து எடுக்க வந்துவிட்டார்கள். சிக்கலான பிரசவமானால் மலைக்குக் கீழே கம்பெனி ஆஸ்பத்திரியிலிருந்து ஜீப் வரவேண்டும். தொலைபேசி தொழிற்சாலையில் மட்டும்தான். வலியில் கிடப்பவளை விட்டு அவர் நகர முடியாது, புருஷன்தான் ஓடுவான். பயந்த ஆள் வாய்க்கு வந்ததை உளறுவான் என்பதால், சொல்லவேண்டியதை ஒரே வாக்கியமாக்கி, வாசலில் நிறுத்தி மூன்று முறை சொல்லவைத்துத்தான் அனுப்புவார். ஆஸ்பத்திரியில் தொலைபேசியை எடுப்பவள் செபமாலையம்மாள் என்ற தமிழ்ப் பெண். பதினாறு வருஷமும் இந்த ஏற்பாடு பிசகியதில்லை.

1974 ஜூலை 16. மழை ஒரு வாரமாக நிற்கவில்லை. நிறைமாதக்காரி வேலுத்தாய் மதியம் வேலைக்காட்டிலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு வந்தாள். கருப்பாத்தாள் தொட்டுப் பார்த்தார். குழந்தை குறுக்கே கிடந்தது.

"தண்ணி எப்பப் போச்சுங்க அம்மணி?"

"நேத்துக் காலைலயே ஈரமா இருந்துச்சுக்கா. மழையில நனஞ்சிட்டேன்னு நெனச்சேன்."

"மழ உள்ளயிருந்தா பேயும்?" என்று கேட்டாரே ஒழிய அதற்கு மேல் அவளைத் திட்டவில்லை. சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இடுப்பு வரை ஈரத்தில் நின்று கொழுந்து எடுப்பவளுக்கு எந்த ஈரம் எது என்று எப்படித் தெரியும்?

இது கையால் எடுக்கிற பிரசவம் அல்ல, கத்தி வைத்தே ஆகவேண்டும். வேலுத்தாயின் புருஷன் வீரபாண்டியை வாசலில் நிறுத்தினார். அவன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. "பனிக்குடம் உடைஞ்சிருச்சு, சீக்கிரம் ஜீப் வேணும்." மூன்று முறை சொல்லிவிட்டு மழையில் ஓடினான்.

அந்த வாரம் செபமாலையம்மாள் லீவு. எடுத்தவள் சிசிலி, புதிதாக வந்த மலையாளப் பெண். மழையில் தொலைபேசி இரைந்தது, வீரபாண்டி சொன்னதில் 'பனி', 'ஜீப்' இரண்டும்தான் அவளுக்குப் பிடிபட்டன. பேசியது இவ்வளவுதான் என்று பிறகு விசாரணையில் இருவருமே சொன்னார்கள்.

"பனியோ?" என்றாள் அவள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல்.

"ஆமா, பனிதான்."

"எத்ர திவசமாயி?"

"எடுத்த எடுப்புல திவசத்தக் கேக்காளேன்னு ஆயிட்டு. அப்பறந்தான் எத்தன நாளுன்னு கேக்கான்னு வெளங்குச்சு" என்றான் வீரபாண்டி பிறகு எங்களிடம். "நேத்துக் காலைலருந்து" என்று பதில் சொல்லியிருக்கிறான்.

"குளிருண்டோ?"

"குளிரு நடுக்குது தாயி."

"பனிக்கு ஜீப் விடில்லா. ரெண்டு குளிக கொடுக்கு. நாளெ பஸ்ஸில் கொண்டு வா."

அவன் வெளியே பார்த்தான். தொழிற்சாலை வாசல் கூடத் தெரியாமல் பனி இறங்கியிருந்தது. திரும்பி ஓடிவந்து கருப்பாத்தாளிடம் சொன்னான்: "பனிக்கு ஜீப்பு வராதாம்க்கா."

அவரும் வெளியே பார்த்தார். பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை, எல்லாம் வெள்ளை. அந்தப் பனியில் வளைவுகளில் வண்டி ஓட்ட முடியாது என்று நம்பினார். அப்போது யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். பனி விலகினால் ஜீப் வந்துவிடும் என்று வேலுத்தாயின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பனி விலகியது. பாதை தெரிந்தது, வண்டிச் சத்தம் இல்லை.

"அவங்க வேற என்ன சொன்னாங்க?"

"ரெண்டு குளிகை குடுக்கச் சொன்னாக. நாளைக்கு பஸ்ல..."

"குளிகையா? எதுக்குங்க குளிகை?" கேட்டவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். "அய்யோ சாமி, அவங்களுக்குப் பனின்னா காச்சலுங்க!"

பக்கத்து வீட்டுப் பெண்ணை வேலுத்தாயிடம் உட்காரவைத்துவிட்டு அவரே தொழிற்சாலைக்கு ஓடினார். அதற்குள் எங்கோ மரம் விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்திருந்தது. தொழிற்சாலை வாசலில் கொழுந்து லாரி நின்றது.

"கொழுந்தை இறக்காம வண்டிய எடுத்தா தொர எஞ்சீட்டக் கிழிச்சிருவாருக்கா" என்றான் டிரைவர் பெரியமுத்து. சொல்லிக்கொண்டே மேலே ஏறி மூட்டைகளை உதைத்துக் கீழே தள்ளினான். வேலுத்தாயைக் கம்பளியில் படுக்கவைத்துத் தூக்கி வந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்கு ஒன்பது மைல். ஆறாவது மைலில் வயிற்றுக்குள் அசைவு நின்றது கருப்பாத்தாளின் கைக்குத் தெரிந்தது. எட்டாவது மைலில் வேலுத்தாயின் கண்ணை மூடிவிட்டார். பெரியமுத்துவுக்குத் தெரியாது, கடைசி மைலிலும் ஹார்ன் அடித்துக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கம்பெனி அதிகாரி ஒருவரின் விசாரணை. அலுவலகத்தின் சார்பில் நான் போய் உட்கார்ந்திருந்தேன். கருப்பாத்தாளைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவருக்கு மலையாளம் பேச வரும். அன்று வரவில்லை, ஊர்ப் பேச்சுத்தான் வந்தது. இரண்டு மணி நேரம் ஏன் காத்திருந்தீர்கள் என்று கேட்டார்கள்.

"பனி போவட்டும்னு இருந்தனுங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா மலையாளத்தில் எழுதிக்கொண்டார். கருப்பாத்தாளுக்கு அந்த எழுத்துத் தெரியாது. காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டார். பிறகு வந்த வீரபாண்டி, "பனின்னுதான் சொன்னேன், அய்யா" என்று சத்தியம் செய்தான். சிசிலி அழுதுகொண்டே, பனியா என்று கேட்டதாகவும் ஆமாம் என்று பதில் வந்ததாகவும் சொன்னாள். அவள் சொன்னதும் உண்மை.

சம்பளத்தை நிறுத்தும் உத்தரவோடு வாக்குமூலத்தின் நகலும் வந்தது. வாசித்துக் காட்டினேன். காய்ச்சல் தணியட்டும் என்று நிறைமாதக்காரியை இரண்டு மணி நேரம் வைத்திருந்ததாக மலையாளத்தில் அதன் அர்த்தம். கருப்பாத்தாள் என்னை மறுபடி வாசிக்கச் சொன்னார்.

"நாஞ் சொன்னதேதானுங்களே எழுதியிருக்குது" என்றார். "ஒரு எழுத்துக்கூட மாறலீங்களே."

விசாரித்த அதிகாரியை நேரில் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர், நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பனிக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டு தலையில் கைவைத்தார். "மனசிலாயி. பக்ஷே ஒப்பிட்டு போயல்லோ" என்றார். புரிந்தது, ஆனால் கையெழுத்துப் போட்டாயிற்றே என்று. எழுதிக் கொடுங்கள், மேலே அனுப்புகிறேன் என்றார்.

எழுதினோம். அந்த இடத்தில் மூடுபனியைக் குறிக்கும் மூடல்மஞ்சு என்று இருக்கவேண்டும் என்று மலையாளத்திலேயே எழுதிக் கேட்டோம். கணக்கைத் தீர்த்து அனுப்பிய பிறகு கருப்பாத்தாள் கொழிஞ்சாம்பாறையில் தம்பி சின்னையன் வீட்டுக்குப் போனார். அங்கே அக்கம்பக்கத்தில் பிரசவத்துக்குக் கூப்பிட்டால் அவர் போவதில்லையாம். "எழுத்துல நான் கொன்னவளுங்க. அது மாறட்டும், வர்றேன்" என்பாராம். மனுவைப் பற்றிக் கேட்டு எனக்குக் கார்டு போடுவார். பதில் வரவில்லை என்று நானும் போடுவேன்.

கையெழுத்திட்ட வாக்குமூலத்தில் எந்தச் சொல்லையும் மாற்ற விதியில்லை, இனி இதுபற்றி எழுதவேண்டாம் என்ற கடைசிக் கடிதம் வந்தது 1976 பிப்ரவரி 17.